அடார் முதல் பெட்டிப் பொறி வரை: கனடிய ஊசியிலைக் காட்டில் மார்ட்டென் பிடிப்பின் வரலாறு

நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்ததும், நீண்டு ஒல்லியான உடலும் அடர்ந்த வாலும் கொண்டதும், அரை கிலோ முதல் ஒன்றரை கிலோ வரை எடையுள்ளதுமான அமெரிக்க மார்ட்டென், கனடாவின் முதிர்ந்த ஊசியிலைக் காடுகளில் வாழும் சிறிய ஊனுண்ணியாகும். இதற்கு ஈடாக மரநாய் என்ற சொல்லை ஆள்வது பொருந்தாது. தமிழ்நாட்டில் அச்சொல் புனுகுப்பூனை இனத்து விலங்கைக் குறிக்கிறது. மார்ட்டெனின் நேர் உறவினமாக நம் பக்கத்தில் இருப்பது, மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளில் அரிதாகத் தென்படும் நீலகிரி மார்ட்டெனே. கனடிய மார்ட்டெனைக் குளிர்காலத்தில் பொறிவைத்துப் பிடிக்கும் முறை மூன்றரை நூற்றாண்டுகளில் அடைந்த மாற்றங்களை, கருவி மேன்மேலும் செம்மையுற்ற கதையாகவே பொதுவாகச் சொல்வர். விலங்கு அகப்படுவதற்கும் வேட்டைக்காரர் வந்து சேர்வதற்கும் இடைப்பட்ட நேரத்தில் அவ்விலங்குக்கு என்ன நேர்கிறது என்ற கேள்வியை முன்வைத்துப் பார்த்தால், அவ்வரலாறு நேர்கோட்டில் செல்லாமல், தொடங்கிய இடத்தை நோக்கி வளைந்து வருவது புலப்படும்.

1670இல் இங்கிலாந்து அரசரின் பட்டயம் பெற்ற ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் கணக்கேடுகளில் மார்ட்டென் இரண்டாம் நிலைப் பொருளாகவே நுழைந்தது. தொப்பித் தொழிலுக்கு வேண்டிய, பீவர் என்னும் நீர்வாழ் கொறிவிலங்கின் தோலே அங்கு நாணயத்துக்கு நிகரான அலகாக இருந்தது. 18ஆம் நூற்றாண்டுக் கோட்டைகளில் பொதுவாக மூன்று மார்ட்டென் தோல்கள் ஒரு பீவர் தோலுக்கு ஈடாகக் கொள்ளப்பட்டன. எனினும், சைபீரியாவின் சேபிள் தோலை ஒத்த மென்மை அதற்கு இருந்தமையால், ஐரோப்பியச் சந்தையில் கனடிய சேபிள் என்ற பெயரிலேயே அது விலைபோயிற்று. வேட்டை குளிர்காலத்தில் நிகழ்ந்ததற்குக் காரணமும் தோலே: கோடையில் மெலிந்து நிறம் மங்கியிருக்கும் மயிர், நவம்பர் தொடங்கி அடர்ந்து, உள்மயிரும் காவல்மயிரும் ஒருசேர முதிர்ந்து நிற்கும் சில வாரங்களே தோலின் பக்குவ காலம்.

அக்காலத்தில் மார்ட்டெனைப் பிடித்த கருவி இரும்பால் ஆனதன்று. கிரீ மக்கள் உள்ளிட்ட முதற்குடிகள் வழிவழியாக அமைத்ததும், பின்னர் வெள்ளை வேட்டைக்காரர்கள் அப்படியே கற்றுக்கொண்டதும், கனத்த மரத்துண்டு விழுந்து நசுக்கும் பொறியாகும். சங்கப் பாடல்களில் குறிஞ்சி நிலத்தார் கல்லைச் சரித்து வைத்து விலங்கைப் பிடித்த அடார் என்னும் பொறியும் இதே தத்துவத்தில் அமைந்ததாதலால், இதனை மர அடார் என அழைப்பது தகும். மரத்தின் அடியிலோ வெட்டிய அடிமரத்தின் மீதோ குச்சிகளை நட்டுச் சிறு கூடு அமைத்து, அதன் வாயிலில் ஒரு கட்டையைக் கிடத்தி, அதற்கு மேலே மற்றொரு கட்டையை முட்டுக்கொடுத்து உயர்த்தி, முட்டோடு இணைந்த இரைக்குச்சியின் முனையில் மீனோ முயலிறைச்சியோ குத்தி வைப்பர். விலங்கு தலையை நுழைத்து இரையை இழுத்ததும் முட்டு நழுவி, மேற்கட்டை அதன் கழுத்திலோ முதுகிலோ விழும். இதற்குத் தேவைப்பட்டது ஒரு கோடரி மட்டுமே. சுமந்து செல்ல எதுவுமில்லை. கட்டையின் எடை சரியாக இருப்பின் உயிர் விரைவில் பிரிந்தது. குறைகளும் சிறியன அல்ல. மேலே பனி குவிந்து உறைந்தால் கட்டை அசையாது நிற்கும். இறந்த விலங்கு தரையிலேயே கிடந்தால் சுண்டெலிகள் மயிரைக் கத்தரித்துக் கூடுகட்டக் கொண்டுபோகும். வுல்வரின் என்னும் வலிய ஊனுண்ணி பொறித்தடத்தின் வழியே நடந்து ஒவ்வொரு பொறியையும் கொள்ளையிடும். பொறித்தடம் என்பது ஒருவர் தம் பொறிகளை வரிசையாக வைத்து, முறைவைத்துச் சுற்றிவரும் காட்டுப் பாதையைக் குறிக்கும்.

எஃகுப் பொறியின் பரவல் இதற்கு நேர்மாறான ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. நியூயார்க் மாநிலத்தின் ஒனைடாவில் 1823 முதல் பொறி செய்துவந்த சூவெல் நியூஹவுஸ் என்னும் கொல்லர், 1840களின் இறுதியில் அங்கிருந்த ஒனைடா பொதுவுடைமைச் சமூகத்தில் சேர்ந்த பின்னர், உடைமை அனைத்தையும் பொதுவில் வைத்த அந்தச் சமயக் குழுவின் முதன்மை வருவாயே காட்டுவிலங்கின் காலைக் கவ்வும் பொறியாயிற்று. இது அமெரிக்க வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. 1865இல் அவர் பெயரில் வெளிவந்த பொறி வேட்டைக்காரர் கையேடு இத்தொழில்நுட்பத்தைக் கண்டம் முழுதும் கொண்டுசென்றது. எஃகுப் பொறியை எங்கும் எடுத்துச் செல்லலாம், நொடியில் வைக்கலாம், ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தலாம். ஆனால் அது கொல்வதில்லை, பிடித்து வைக்கிறது. அகப்பட்ட மார்ட்டென் கடுங்குளிரில் உறைந்து இறக்கும் வரையிலோ வேட்டைக்காரர் வரும் வரையிலோ உயிரோடு போராடிக்கொண்டிருக்கும். அக்கையேடு விளக்கும் வளைகழி, அதாவது பொறியோடு விலங்கையும் சேர்த்து மேலே தூக்கிவிடும் வளைத்துக் கட்டிய கொம்பு, பிற விலங்குகள் தோலைச் சிதைக்காமலும் அகப்பட்டது தப்பாமலும் காத்ததேயன்றி, அந்த இடைவேளையைக் குறைக்கவில்லை. அடார் செய்துவந்த ஒரு வேலையை எஃகு கைவிட்டது என்பதை அக்கால நூல்கள் இழப்பாகக் கருதியதில்லை.

கருவி இவ்வாறு மாறிவந்தபோதும் இரையும் மணக்கவர்ச்சியும் வியக்கத்தக்க அளவுக்கு மாறாமலேயே இருந்தன. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண்பது தேவை: இரை என்பது பொறியின் உள்ளே விலங்கை ஈர்க்கும் உணவு; மணக்கவர்ச்சி என்பது தொலைவில் செல்லும் விலங்கைப் பொறியிருக்கும் இடம்வரை திருப்பி அழைக்கும் வாடை. மீன், பீவர் இறைச்சி, முயல், காட்டுக்கோழியின் இறகு ஆகியன இரையாயின. வாடைக்கு, பீவரின் வாலடியில் உள்ள சுரப்பிகளிலிருந்து எடுத்த பொருள், மீனெண்ணெய், ஸ்கங்க் என்னும் விலங்கின் கடும் நாற்றச் சுரப்பு ஆகியவற்றோடு, அனிசு என்னும் சோம்பினத்தின் எண்ணெயும், தமிழ்ச் சமையலறைக்கு மிகவும் பழகிய பெருங்காயமும் வட அமெரிக்க வேட்டைக்காரர்களின் கலவைகளில் இடம்பெற்றன. கடுங்குளிரில் பொருள்கள் ஆவியாவது குறைவதால் மென்மையான மணங்கள் பரவாமல் அடங்கிவிடுகின்றன. ஸ்கங்க் சுரப்பு அக்குளிரிலும் காற்றில் செல்லும். ஆகவேதான் அதைக் கம்பளிக் கொழுப்பிலோ வாசலைன் போன்ற களிம்பிலோ குழைத்து, உறையாதிருக்கக் கிளிசரினும் சேர்த்து, காற்றுப்படும் உயரத்தில் கிளையில் தடவுவதும், இரையைத் தாழ்வில் பொறிக்குப் பின்னால் வைப்பதும் வழக்கமாயின. பசித்த மார்ட்டென் எளிதில் ஏமாறும் விலங்காதலால், கவர்ச்சிக் கலவையின் இரகசியங்களைப் பற்றி வேட்டைக்காரர்கள் கொண்ட பெருமிதத்தில் பாதி மிகையென்றே கொள்ளலாம்; வாடையின் வகையைவிட, மார்ட்டென் நடமாடும் முதிர்ந்த காட்டில் பொறி இருந்ததா என்பதே பிடிபடுதலைத் தீர்மானித்தது.

எளிதில் பிடிபடும் இயல்பே இவ்வினத்துக்குக் கேடாகவும் முடிந்தது. கோடையில் கூடினாலும் கரு உடனே பதியாது, குளிர்காலக் கடைசியில் பதிந்து, மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஒன்று முதல் ஐந்து குட்டிகள் வரை பிறக்கும் மெதுவான இனப்பெருக்கத்தால் மிகைவேட்டையை ஈடுசெய்ய இயலவில்லை. மரவெட்டும் சேர்ந்துகொள்ள, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்விளிம்புப் பகுதிகள் பலவற்றில் மார்ட்டென் மறைந்தது. 1926இல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் பொறித்தடங்களைப் பதிவுசெய்து ஒவ்வொன்றையும் ஒருவருக்கு உரியதாக்கிய முறை, தன் தடத்தில் அடுத்த ஆண்டுக்கும் விலங்கை விட்டுவைக்கும் நாட்டத்தை உருவாக்கியது. அதே பதிவேடு, முதற்குடிக் குடும்பங்கள் தலைமுறைகளாக வேட்டையாடிய நிலத்தைப் பிறர் பெயரில் எழுதுவதற்கும் வழிவகுத்தது.

வடமேற்கு ஆட்புலத்தில் நெடுங்காலம் பொறி வைத்துவந்த ஃப்ராங்க் கோனிபேர் வடிவமைத்து, விலங்குநல அமைப்பொன்றின் ஆதரவையும் பெற்று, 1950களின் இறுதியில் தொழிற்சாலை உற்பத்திக்கு வந்த உடற்கவ்விப் பொறியே அடுத்த திருப்பம். கத்தரிக்கோல்போல் இணைந்த இரு எஃகுச் சட்டங்கள், சுருள்வில்லின் விசையால் எதிரெதிராகச் சுழன்று கழுத்திலோ மார்பிலோ அடிக்கும் இக்கருவியில், விழும் கட்டையின் இடத்தைச் சுருள்வில் எடுத்துக்கொண்டது. அடாரின் கொல்லும் ஆற்றலும் எஃகின் எளிய சுமையும் ஒன்றாயின. மார்ட்டெனுக்கு இதனை வைக்கும் சிறந்த இடமாகச் சாய்கழி அமைந்தது. மணிக்கட்டு அளவு தடித்த கழியொன்றை மரத்தில் சாய்த்து, பனிமட்டத்துக்கு மேலே ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் சிறு மரப்பெட்டியைப் பொருத்தி, அடைத்த பின்முனையில் இரையையும் திறந்த வாயில் பொறியையும் வைப்பர். விலங்கு தொட்டதும் பொறியை இயக்கும் விசையைப் பெட்டி பனியிலிருந்து காக்கிறது. இரையைச் சாம்பல் ஜே பறவையிடமிருந்து மறைக்கிறது. அடிபட்ட மார்ட்டென் சங்கிலியில் தொங்குவதால் எலிகளாலும் எட்ட முடிவதில்லை. 1959இல் சந்தைக்கு வந்த ஸ்கி-டூ பனிவண்டி, நாய்வண்டியில் பல நாள் பிடித்த சுற்றைக் குறுக்கியது.

எனினும் உடற்கவ்விப் பொறி எல்லாமே உடனடியாகக் கொல்வதில்லை; அடி எங்கு விழுகிறது என்பதை விசையின் வடிவம் தீர்மானிக்கிறது. 1980களின் இறுதியில் ஆல்பர்ட்டாவில் கில்பர்ட் ப்ரூ முதலானோர் நடத்திய சோதனைகளில், கம்பி விசைக்குப் பதிலாகத் தட்டு விசை பொருத்திய சி-120 மேக்னம் என்னும் வலுவூட்டிய வகை மார்ட்டெனை விரைந்து கொல்வதாகக் கண்டறியப்பட்டது. இந்த அக்கறைக்கு அறமும் ஒரு காரணம், வாடிக்கையாளர் மற்றொரு காரணம்: ஐரோப்பியச் சமூகம் 1991இல் இயற்றிய விதி, காற்பொறியைத் தடைசெய்ததோடு, அதைப் பயன்படுத்தும் நாடுகளின் 13 இன விலங்குத் தோல்களுக்கும் வாயிலை அடைக்க முனைந்தது, மார்ட்டெனும் அவற்றுள் ஒன்று. அந்நெருக்கடியில் பிறந்த 1997ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கை, கொல்பொறியில் அகப்பட்ட மார்ட்டென் 120 நொடிக்குள் மீளா மயக்கத்தை அடைய வேண்டும் என்றும், குறைந்தது 12 விலங்குகளில் சோதித்து 80 விழுக்காட்டில் அந்த அளவு எட்டப்பட வேண்டும் என்றும் வரையறுத்தது. கம்பெனிக் காலத்தில் எவரும் அளக்காத அந்த இடைவேளைக்கு முதன்முறையாக ஒரு பன்னாட்டு ஆவணத்தில் எண் கிடைத்தது.

நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் இக்கேள்வி, விரைந்து கொல்வது எப்படி என்பதிலிருந்து தப்பவிடுவது எப்படி என்பதாகத் தலைகீழாயிற்று. அங்கு 1934இலேயே மார்ட்டென் வேட்டை நிறுத்தப்பட்டும் இனம் நெடுங்காலம் மீளவில்லை. 19ஆம் நூற்றாண்டில் தீவுக்குக் கொண்டுவரப்பட்ட பனிமுயலுக்காக மக்கள் வைக்கும் கம்பிக் கண்ணிகளில் மார்ட்டென்கள் தவறி அகப்பட்டு மடிந்தன. முயல் இறைச்சி அம்மக்களின் குளிர்கால உணவாதலால் கண்ணியை முற்றிலும் ஒழிக்க முடியவில்லை. எனவே மார்ட்டென் வாழும் பகுதிகளில், முயலைப் பிடித்து நிறுத்தவும், வலிய மார்ட்டென் இழுத்து அறுத்துக்கொண்டு ஓடவும் ஏற்றவாறு தேர்ந்தெடுத்த கம்பியால் ஆன கண்ணிகளை வைக்கும் முறை நடைமுறைக்கு வந்தது.