ஆலங்காத்தா பிள்ளையைத் தேடிப் போனால்...



போன மாதம் மாலை நடையின்போது நம் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு பெரியவர் என்னை நிறுத்திக் கேட்டார். "சார், எங்க கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் காலத்துல முனிசிபல் கவுன்சிலரா இருந்தாராம். ஒரு போட்டோகூட இல்ல. அவரைப் பத்தி எங்கே தேடறது?"

லிஃப்ட் மேலே போய்ச் சேருவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் இந்த இதழில் எழுதுகிறேன். ஆனால் அவருடைய கொள்ளுத்தாத்தாவிடம் போவதற்கு முன், உங்களை இன்னொருவரிடம் அழைத்துப் போக வேண்டும். நம் நாட்டு நகராட்சிகளுக்கெல்லாம் மூத்த சென்னை மாநகராட்சி தொடங்கிய அன்றே அதில் இடம் பெற்ற தமிழர் அவர். பெயர் ஆலங்காத்தா பிள்ளை. அவரைத் தேடும் வழி தெரிந்தால் உங்கள் வீட்டு முன்னோரைத் தேடும் வழியும் பாதி தெரிந்த மாதிரிதான்.

1688 செப்டம்பர் 29. புனித ஜார்ஜ் கோட்டையில் எலிஹு யேல் கவர்னர். கிழக்கிந்தியக் கம்பெனி முந்தைய ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதியிட்டு அனுப்பிய சாசனத்தின்படி அன்று மாநகராட்சி தொடங்கியது. நத்தானியல் ஹிகின்சன் மேயர். அவருக்குக் கீழே 12 ஆல்டர்மேன்கள். நம் காலத்துக் கவுன்சிலரைவிட ஒரு படி மேலான பதவி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 12 பேரில் ஆங்கிலேயர் இருந்தார்கள், ஒரு பிரெஞ்சு வைர வியாபாரி இருந்தார், யூத வணிகர்கள் இருந்தார்கள். நம்மவர் மூன்று பேர்: சின்ன வேங்கடாத்ரி, முத்து வீரண்ணா, ஆலங்காத்தா பிள்ளை. மூவருமே கம்பெனிக்குத் துணி வாங்கிக் கொடுத்த பெரிய வணிகர்கள். ஆல்டர்மேன்களுக்குச் சிவப்பு அங்கி உண்டு. விழா நாட்களில் தெருவில் நடக்கும்போது குடை பிடித்துக்கொள்ளவும் சாசனமே உரிமை தந்திருந்தது. குடை சாதாரண விஷயமில்லை. யாருக்குக் குடை, யாருக்குப் பல்லக்கு என்று சண்டை போட்ட ஊர் அது.

இப்போது தேடுபவருக்கு முதல் சிக்கல் வருகிறது. கம்பெனி ஏடுகளில் "ஆலங்காத்தா பிள்ளை" என்று தேடினால் ஆள் கிடைக்கமாட்டார். ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். "அல்லிங்கால் பில்லா" என்பது போல ஏதோ ஒன்று இருக்கும். முத்து வீரண்ணா "மூடா வெரோனா" ஆகிவிட்டார். இத்தாலிக்காரர் என்றே நினைத்துவிடலாம்! தமிழிலும் பிள்ளையின் பெயரை இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள். ஆகவே தேடலில் இறங்குமுன் ஒரு தாளை எடுத்து, உங்கள் முன்னோர் பெயரை ஒரு வெள்ளைக்காரர் எப்படியெல்லாம் கெடுத்திருப்பார் என்று பத்து விதமாக எழுதிப் பாருங்கள். சிரிப்பு வரும், ஆனால் பலன் உண்டு.

அடுத்த கேள்விதான் முக்கியமானது. இவருக்கு எதற்காக அந்த இடம் கொடுத்தார்கள்? பெருந்தன்மையாலா?

இல்லை, வரிக்காக. நம் பொதுக்குழுக் கூட்டங்களுக்குத் தவறாமல் வருகிறவர்களுக்கு இந்தப் பகுதி உடனே புரியும். 1670-களின் கடைசியில் கவர்னர் ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் தெருக் குப்பையை அள்ள ஓர் அதிகாரியைப் போட்டு, அந்தச் செலவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று விதித்தார். மக்கள் முணுமுணுத்தார்கள். 1686-இல் வீட்டுவரி என்று வந்தபோது முணுமுணுப்போடு நிற்கவில்லை, கடைகளை அடைத்தார்கள். கவர்னர் கிஃபோர்டு மிரட்டித்தான் பணியவைத்தார். லண்டனில் கம்பெனியை நடத்திய சர் ஜோசையா சைல்டு இதையெல்லாம் பார்த்துவிட்டு வேறு கணக்குப் போட்டார். நாம் அதிகாரத்தால் கேட்டால் ஆறு பென்ஸ் தரமாட்டார்கள். அவர்களில் பெரியவர்களே கூடி விதித்தால் ஐந்து ஷில்லிங்கூடத் தருவார்கள் என்பது அந்தக் கணக்கு. நகர மண்டபம், சிறை, ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பணத்தில் கட்டலாம் என்பது திட்டம்.

ஆக, சிவப்பு அங்கியோடு பிள்ளைக்குக் கிடைத்தது ஒரு தர்மசங்கடம். தன் சொந்த ஜனங்களிடம் கம்பெனிக்காகக் கை நீட்ட வேண்டும். கம்பெனியிடம் அந்த ஜனங்களுக்காகப் பேசவும் வேண்டும். இந்த இடத்தில் குடும்ப வரலாறு எழுதுகிறவர்கள் வழுக்குவார்கள். ஒன்று, முன்னோரைத் தியாகி ஆக்கிவிடுவார்கள். இல்லையென்றால் துரைகளின் எடுபிடி என்று ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. எதிர்பார்த்த வரி வசூலாகவில்லை என்பதே, அந்த ஆல்டர்மேன்கள் வெறும் தண்டல்காரர்களாக இருக்கவில்லை என்று காட்டுகிறது.

அவருடைய தொழில் நம் பக்கத்தையும் தொட்டது. கோட்டையில் ஒப்பந்தம் போட்டு முன்பணம் வாங்கும் வணிகர்கள், அதை உள்நாட்டு நெசவு ஊர்களில் தறிக்காரர்களுக்குக் கொடுத்துத் துணி வாங்கினார்கள். கோட்டையில் தரம் பிரிக்கும்போது கழித்துவிட்டால் நஷ்டம் யார் தலையில் விழும் என்பதில் ஓயாத தகராறு. வெளி மாநிலங்களிலிருந்து ஒரகடத்துக்கு வேலைக்கு வந்த நம் நண்பர்களில் பலர் இன்றும் உதிரிபாகம் சப்ளை செய்து, "ரிஜெக்ஷன்" பற்றிப் புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். அதே கதைதான். நம் ஊருக்கு அப்போது வாலாஜாபாத் என்ற பெயரே கிடையாது. அந்தப் பெயருக்குரிய ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா பிறக்கவும் இல்லை.

ஏடுகளில் துணியும் பணமும்தான் நிறைய. மனிதரைக் காண வேண்டுமானால் கோட்டையை விட்டு வெளியே வரவேண்டும். சென்னையில் தங்கசாலைத் தெருவில் ஏகாம்பரேசுவரர் கோயில் இருக்கிறதல்லவா, அது பிள்ளை எடுப்பித்தது. தாமஸ் பிட் கவர்னராக இருந்தபோது தயாரித்த நகர வரைபடத்தில் அது அவர் பெயராலேயே, "அல்லிங்கால் பகோடா" என்று குறிக்கப்பட்டிருக்கிறது. எழுத்தர் கெடுத்த அதே பெயர்! வரைபடத்தில் அதைப் பார்க்கும் கணத்தில், பட்டியலில் இருந்தவரும் கோயில் கட்டியவரும் ஒரே ஆள் என்று பிடிபடுகிறது. இந்தச் சந்தோஷத்துக்காகத்தான் இந்த வேலையையே செய்கிறோம்.

கோயில் பற்றிப் பக்தர்கள் சொல்லும் கதை உங்களுக்குப் பிடிக்கும். பிள்ளை காஞ்சிபுரம் ஏகாம்பரநாதரைத் தரிசிக்க ஓயாமல் போய்வந்தாராம். அந்தத் தூரம் முடியாமல் போகவே, சுவாமிக்கு இங்கேயே கோயில் எடுத்தாராம். சென்னையிலிருந்து காஞ்சிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். வண்டியும் பல்லக்கும் போன பாதையில் அது லேசான பயணமில்லை. ஆனால் என் ஊகம் ஒன்றைச் சொல்கிறேன், ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 1687-இல் ஔரங்கசீப்பின் படை கோல்கொண்டாவைப் பிடித்தது. நம் வட்டாரம் முழுவதும் கலங்கியது. மாநகராட்சி தொடங்கிய 1688-ஐ ஒட்டித்தான் காஞ்சி வரதராஜப் பெருமாளின் உற்சவரைப் பத்திரமாக உடையார்பாளையத்துக்குக் கொண்டு போனார்கள். திரும்பி வந்தது 1710-இல். பெருமாளே ஊரை விட்டுப் போன காலத்தில் ஒரு வணிகர் காஞ்சிக்குப் போய்வர அஞ்சியிருந்தால் ஆச்சரியமில்லை. கதை சொல்லும் அலுப்புக்குப் பின்னால் அந்தப் பயமும் இருந்திருக்கலாம்.

பிள்ளையின் இருக்கை அதிக நாள் நிலைக்கவில்லை. 1726-இல் வந்த புதிய சாசனத்தில் ஆல்டர்மேன்கள் ஒன்பதே பேர். மேயரும் அவர்களில் ஏழு பேரும் பிரிட்டிஷ் பிரஜைகளாகப் பிறந்திருக்க வேண்டும் என்று விதி. நம்மவர் தேர்தலில் நின்று நகரசபைக்குப் போக 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதி வரை ஆனது. சென்னைக்கு மறுபடி மேயர் பதவி வந்தது 1933-இல்தான். ராஜா சர் முத்தையா செட்டியார் அதில் அமர்ந்தார்.

இனி நம் பெரியவருடைய கொள்ளுத்தாத்தாவுக்கு வருகிறேன். இந்தப் பக்கத்துக்காரர் என்றால் முதலில் காஞ்சிபுரம் நகராட்சியைப் பாருங்கள். அது 1866-இல் அமைந்தது. 1882-இல் ரிப்பன் பிரபுவின் தீர்மானம் வந்தது. 1884-இல் மாவட்ட முனிசிபாலிட்டிகள் சட்டம் வந்தது. உங்கள் தாத்தா அதற்கு முன் இருந்தாரா, பின் இருந்தாரா என்று கேளுங்கள். முன் என்றால் சர்க்கார் நியமித்திருக்க வாய்ப்பு அதிகம். பின் என்றால் வரி கட்டியவர்கள் ஓட்டுப் போட்டிருக்கலாம். இரண்டும் ஒரே கௌரவம் அல்ல. நியமனங்களும் தேர்தல்களும் பழைய புனித ஜார்ஜ் கோட்டை கெசட்டில் வரும். அது எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. சென்னைத் தொடர்பு இருந்தால் ஹென்றி டேவிசன் லவ் 1913-இல் வெளியிட்ட பழைய மெட்ராஸ் வரலாற்றுத் தொகுதிகளைப் புரட்டுங்கள்; இணையத்திலேயே கிடைக்கின்றன.

அப்புறம் வீட்டிலேயே இருப்பவை: மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, கல்யாணப் பத்திரிகை. குலதெய்வக் கோயிலில் உபயம் என்று எழுதிய படிக்கல்லையும் விடாதீர்கள். சுண்ணாம்பு அடித்து மூடியிருந்தால் விரலால் தடவிப் பாருங்கள், எழுத்து கைக்குத் தட்டுப்படும்.

பெரியவரே, அந்தப் பெயரைப் பத்து விதமாக எழுதிய தாளோடு அடுத்த சனிக்கிழமை வாருங்கள். எழும்பூருக்குச் சேர்ந்தே போகலாம்.