ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்

அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் 1984இல் உருவாகி, 1986 தொடக்கத்திலேயே கலைந்துபோன இசைக்குழு. கை பிச்சியோட்டோ பாட்டும் கிட்டாரும், எடி ஜேனி கிட்டார், மைக் ஃபெலோஸ் பேஸ், பிரெண்டன் கேன்ட்டி டிரம்ஸ். ஹார்ட்கோர் பங்க்கின் வேகத்தை விடாமல், அரசியல் முழக்கம் ஒலித்த இடத்தில் இழப்பையும் ஏக்கத்தையும் தொண்டை கிழியப் பாடினார்கள். போஸ்ட்-ஹார்ட்கோருக்கு இவர்களை முன்னோடி என்பது மிகையல்ல. இவர்களின் ஒரே முழு ஆல்பத்தை 1985இல் டிஸ்கார்ட் நிறுவனம் வெளியிட்டது; தயாரித்தவர் இயன் மெக்கே. மேடையேறியது இருபது தடவைகூட இல்லை. அவற்றிலும் கருவிகளை உடைத்துத் தீர்த்ததுண்டு. கைக்காசு கரையத்தானே செய்யும்! உணர்ச்சி பொங்கும் இவ்வகை இசைமீது பின்னாளில் ஒட்டிய 'எமோ' முத்திரையைப் பிச்சியோட்டோ ஏற்கவேயில்லை. நான்கு பாடல்கள் கொண்ட கடைசி இசைத்தட்டு, குழு கலைந்தபின் 1987இல் வந்தது. பிச்சியோட்டோவும் கேன்ட்டியும் பிறகு மெக்கேயின் ஃபுகாசி குழுவில் சேர்ந்தனர்.