கைநாட்டை மாற்றிய சாயங்காலப் பள்ளிகள்

நம்ம குழுவோட தீர்மானப் புத்தகத்தை ஒருக்கா எடுத்துப் பாருங்க. ஒவ்வொரு கூட்டத்துக்கும் கீழே வரிசையாகக் கையெழுத்து இருக்கும். சேமிப்பு எவ்வளவு, கடன் யாருக்கு, வட்டி எத்தனை என்று எழுதி, படித்துக் காட்டி, எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கூட்டம் முடியும். நாப்பது வருசத்துக்கு முன்னால் இப்படி ஒரு புத்தகம் வைத்திருந்தால், அதில் மை தடவின பெருவிரல்தான் நிறைய இருந்திருக்கும்.

கைநாட்டு வைக்கிறவருக்கு மேலே என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாது. வாங்கின கடன் ஐந்நூறா, ஐயாயிரமா என்று எழுதினவருக்குத்தான் தெரியும். அந்த நிலைமை தானாக மாறவில்லை. காசு வாங்காமல் சொல்லிக் கொடுத்த இளவயசுப் பிள்ளைகளும், வெட்கத்தை விட்டு சிலேட்டுப் பிடித்த பெரியவங்களும் சேர்ந்துதான் மாற்றினார்கள். அந்தக் கதையை நம்ம மகள்களுக்கும் பேத்திகளுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

படித்தவர்கள் ஊருக்கு உழைக்க வேண்டும் என்கிற எண்ணம் கோவைப் பக்கம் புதுசு இல்லை. தி.சு. அவினாசிலிங்கம் 1930-ல் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் பெரியநாயக்கன்பாளையத்தில் இன்றும் இருக்கிறது. காந்தி நூற்றாண்டான 1969-ல் கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டம் வந்தது. 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் அது. முகாம் போட்டு, கிராமத்தில் தங்கி வேலை செய்கிற பழக்கம் மாணவர்களுக்கு அப்படித்தான் பரவியது. 1978 அக்டோபர் 2-ஆம் தேதி தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டமும் தொடங்கியது. ஆனாலும் ஊர் முழுக்கப் பெரியவங்க படிக்க உட்கார்ந்தது அதற்கும் பிறகுதான்.

பாலக்காட்டுக் கணவாய் தாண்டினால் கேரளா. அங்கே எர்ணாகுளம் மாவட்டத்தில் 1989-ல் சுமார் 20,000 தொண்டர்கள் வீடு வீடாகப் போய்ப் படிக்கத் தெரியாதவர்களைத் தேடினார்கள். 1990 பிப்ரவரியில் அது நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் ஆனது. அடுத்த வருசம் ஏப்ரல் 18 அன்று கேரளம் முழுவதும் எழுத்தறிவு பெற்றதாகக் கோழிக்கோட்டில் அறிவித்தவர் மந்திரி இல்லை. புதிதாக எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட சேலக்கோடன் ஆயிஷா என்கிற வயதான அம்மாதான் மேடையேறி அறிவித்தார்.

அதே காற்றுதான் தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கமாக வீசியது. கோவைக்கும் வந்தது. பத்தாவது, பன்னிரண்டாவது முடித்த பையன்களும் பெண்பிள்ளைகளும்தான் பெரும்பாலும் வாத்தியார்கள். சம்பளம் கிடையாது. முதலில் கலைக்குழு வந்து தெருவில் நாடகம் போடும், பாட்டுப் பாடும். அப்புறம் திண்ணையிலோ கோயில் வாசலிலோ வகுப்பு. காட்டு வேலை முடிந்து, அடுப்பு வேலையும் முடிந்து பொழுது சாய்ந்த பிறகுதான் பெண்களால் வர முடியும். அந்த நேரத்துக்கு விளக்கோடு காத்திருந்தார்கள் அந்தப் பிள்ளைகள்.

அரசாங்கத்தின் கணக்கில் முக்கியமாக இருந்தது 15 முதல் 35 வயசு வரைதான். கூப்பிடாமலே ஆத்தாக்களும் அப்பத்தாக்களும் வந்து உட்கார்ந்தார்கள். தன் பேரை ஒரு தடவையாவது எழுதிப் பார்த்துவிட வேண்டும், பஸ்ஸில் எழுதியிருக்கிற ஊர்ப் பேரை யாரையும் கேட்காமல் படிக்க வேண்டும் என்கிற ஆசைதான் காரணம்.

பாட்டி வயசுக்காரரை "தப்பா எழுதறீங்க" என்று அதட்ட முடியுமா? அதனால் பாடமே வேறு மாதிரி அமைந்தது. அ, ஆ என்று வரிசையாகத் தொடங்காமல், வாழ்க்கையில் புழங்குகிற சொற்களில் தொடங்கினார்கள். நெல்லையில் இந்த இயக்கத்தில் வேலை செய்த எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் போன்றவர்கள், படிக்க வந்த மக்களிடமே கதை கேட்டார்கள். அந்தக் கதைகள் சின்னச் சின்னப் புத்தகங்களாகி, வகுப்புக்கே திரும்பி வந்தன. கை பிடித்து எழுதச் சொல்லிக் கொடுத்த பிள்ளைகள், கதையும் விடுகதையும் சொலவடையும் பெரியவங்களிடம் கற்றுக்கொண்டார்கள். ரெண்டு பக்கமும் கொடுக்கல் வாங்கல் இருந்ததால்தான் வகுப்பு நிலைத்தது.

புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் எழுத்தோடு சைக்கிளும் சேர்ந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள்.

இதே காலத்தில்தான் நம்ம குழுக்களும் பிறந்தன. 1989-ல் தர்மபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய மகளிர் குழுக்கள்தான் தமிழ்நாட்டில் நமக்கெல்லாம் முன்னோடி. பிறகு மகளிர் திட்டமாக எல்லா மாவட்டத்துக்கும் வந்தது. சாயங்கால வகுப்பில் ஒன்றாக உட்கார்ந்து பழகின பெண்களுக்குச் சேமிப்புக்காக ஒன்றாக உட்காருவது கஷ்டமாக இல்லை. கணக்கு நோட்டு எழுதவும் ஆள் இருந்தது. 1991-ல் தமிழ்நாட்டுப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 51 பேர். 2001-ல் 64, 2011-ல் 73.

குறையும் உண்டு. இயக்கத்தின் வேகம் குறைந்து, வகுப்பு நின்ற பிறகு, படிக்கப் புத்தகம் இல்லாமல் பலருக்கு எழுத்து மறந்து போனது. கையெழுத்து மட்டும் மிஞ்சியது. நம்ம குழுக்களிலும் பேரை எழுதிவிட்டு, "மேலே என்ன இருக்குதுன்னு நீயே படி கண்ணு" என்று சொல்கிற மூத்த உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

இப்போது அந்தப் பழைய ஆபத்து செல்போன் வழியாக வருகிறது. பென்சன் வந்ததா, கடன் தவணை பிடித்தார்களா என்பதெல்லாம் மெசேஜாக வருகிறது. படிக்கத் தெரியாதவர் போனை யாரிடமாவது நீட்டுகிறார். ஓ.டி.பி. எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாதென்று தெரியாமல் சொல்லிவிட்டால், உழைத்துச் சேர்த்த பணம் போய்விடும். வெற்றுத் தாளில் கைநாட்டு வைத்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லீங்க.

வழியும் நம்மிடமே இருக்கிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சுய உதவிக் குழுப் பெண்கள்தான் வீடு வீடாகப் போய் பிரசர், சர்க்கரை பார்க்கிறார்கள். பதினைந்து வயசுக்கு மேற்பட்டவர்களுக்காகப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் நடக்கிறது. அதிலும் சொல்லிக் கொடுப்பவர்கள் தன்னார்வலர்களே. நம்ம ஊர்ப் பள்ளியில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

ஒவ்வொரு குழுவும் ஒரு காரியம் செய்யலாம். கூட்டம் தொடங்க அரை மணி நேரம் முன்னால், கல்லூரிக்குப் போகிற நம்ம மகள் ஒருத்தியை வரச் சொல்லுவோம். பாஸ்புக்கையும் மெசேஜையும் மூத்தவங்களே எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும், அவள் பக்கத்தில் இருந்து திருத்தட்டும். முடிந்ததும் அவளுக்கு ஒரு கும்மிப் பாட்டோ, அந்தக் காலத்துக் கதையோ சொல்லி அனுப்புங்கள். மாசக் கடைசியில் தீர்மானத்தை வாசிக்கும் வேலையை, குழுவிலேயே மூத்த அம்மாவிடம் கொடுப்போம். அவர் தடுமாறினாலும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடுவோம்.