மாம்பலம் ரயில் நிலையம்

எழும்பூரிலிருந்து தாம்பரம் நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் ஏறி, சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம் ஆகிய மூன்று நிலையங்களைக் கடந்தால் நான்காவதாக வருவது மாம்பலம். கட்டடச் சிறப்பு என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. 1908-இல் திறக்கப்பெற்ற எழும்பூர் நிலையத்தின் கும்மட்டங்களும் வளைவுகளும் இதற்கு வாய்க்கவில்லை. ஆயினும், சென்னை நகரம் எவ்வாறு விரிந்தது என்பதை ஓரிடத்தில் நின்றே அறிய விரும்பும் மாணவர் எவரேனும் என்னிடம் வந்தால், அவரை நான் இந்த நிலையத்திற்கே அழைத்துச் செல்வேன்.

இங்குள்ள இருப்புப்பாதை, 1870-களில் தென்னிந்திய ரயில்வே கம்பெனியார் தூத்துக்குடியையும் சென்னையையும் இணைக்க அமைத்த மீட்டர் கேஜ் பாதையைச் சேர்ந்தது. அக்காலத்தில் மாம்பலம் சென்னைக்கு உட்பட்டதன்று. செங்கற்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டைத் தாலுகாவில் அடங்கிய ஒரு கிராமம். மகா வில்வம் என்பதே மாம்பலம் எனத் திரிந்தது என்று சிலர் கூறுவர். கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. அதற்கு மேல் அதனை வற்புறுத்த எனக்குத் துணிவில்லை.

இக்கிராமத்திற்கும் மவுண்ட் ரோட்டிற்கும் இடையே வடக்கே நுங்கம்பாக்கம் முதல் தெற்கே சைதாப்பேட்டை வரையில் ஒரு பெரிய ஏரி நீண்டு கிடந்தது. அதன் நீளத்தைக் கருதியே ஆங்கிலேயர் அதனை ‘லாங் டாங்க்’ என்று வழங்கினர். சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில் அதில் படகுப் போட்டிகளும் நடந்ததுண்டு. ரயில் பாதை ஏரியின் மேற்கு ஓரமாகச் சென்றது. நிலையத்திற்கு மேற்கே இன்றும் ‘லேக் வியூ ரோடு’ என்றொரு தெரு இருக்கிறது. ஏரியைக் காணும் தெரு என்பது அதன் பொருள். அங்கே நின்று கிழக்கே நோக்குபவருக்கு இன்று தெரிவன வீடுகளும் கடைகளுமே.

ஏரி எங்கே போயிற்று? 1920-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. நெருக்கம் மிகுந்த ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் ஆகிய பகுதிகளில் இடமின்றித் தவித்த நடுத்தர மக்களுக்குப் புதிய குடியிருப்பு தேவைப்பட்டது. ஏரியின் நீரை வடித்து நிலமாக்கி, ரயில் பாதைக்குக் கிழக்கே ஒரு புதிய நகரை அமைக்கத் திட்டமிட்டனர். நீதிக்கட்சியின் ஆட்சிக்காலம் அது. முதன் மந்திரியாக இருந்த பனகல் அரசரின் பெயரை நடுவிலுள்ள பூங்காவிற்கு இட்டனர். 1920-இல் முதன் மந்திரிப் பதவி தம்மைத் தேடி வந்தபோது வேண்டாவென்று மறுத்தவரும், சென்னை நகராட்சி மன்றத்தின் தலைவராக விளங்கியவருமான சர் பிட்டி தியாகராய செட்டியார் 1925-இல் காலமானார். புதிய நகர் அவர் பெயரைப் பெற்றது. தியாகராய நகரின் தெருப்பலகைகளை வாசித்துக்கொண்டு நடந்தாலே அக்கட்சியின் வரலாற்றில் பாதியைக் கற்றுவிடலாம்.

நகரை அமைத்தால் மட்டும் போதுமா? உத்தியோகஸ்தர் கோட்டைக்கும் பாரிமுனைக்கும் நாள்தோறும் சென்று மீள வேண்டாமா? இங்கேதான் ரயில்வேயின் பங்கு வருகிறது. நிலையங்கள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும் பாதைக்கு நீராவி வண்டி ஏற்றதன்று. அது மெல்லவே வேகம் கொள்ளும். வேகம் பிடிப்பதற்குள் அடுத்த நிலையம் வந்துவிடும். பயணத்தின் முடிவில் எஞ்சினைக் கழற்றி மறு முனையில் பூட்டவும் வேண்டும். மின்சார மோட்டார் வண்டியோ விரைந்து ஓடத் தொடங்கும். இரு முனைகளிலிருந்தும் ஓட்டலாம். பம்பாயில் 1925-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. சென்னையில் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில், ஏறத்தாழ 29 கிலோமீட்டர் தொலைவிற்கு, 1,500 வோல்ட் நேர்மின்சாரம் பாய்ச்சிய பாதையை 1931 ஏப்ரல் 2-ஆம் நாள் கவர்னர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி தொடங்கி வைத்தார். மே 11 முதல் பொதுமக்கள் பயணம் செய்தனர். இந்தியாவில் மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடியது அதுவே முதல் முறை. ஏரியில் எழுந்த நகரும் ரயிலும் இவ்வாறு ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒன்றையொன்று சந்தித்தன.

ஜப்பானில் இத்தகைய சந்திப்பு தற்செயலாக நிகழவில்லை. ஒசாகா நகருக்கு அருகே 1910-இல் மின்சார ரயில் பாதை ஒன்றைத் தொடங்கிய கோபயாஷி இச்சிஸோ என்பவர், பாதையோரத்து நிலங்களை முன்னரே வாங்கி, வீடுகள் கட்டித் தவணை முறையில் விற்றார். வீடு வாங்கியவர் அவருடைய ரயிலிலேயே பயணம் செய்தார்! நம் நாட்டில் நகரை அமைத்தவர் ஒருவர். ரயிலை ஓட்டியவர் மற்றொருவர்.

அதன் விளைவை மாம்பலத்தில் கண்ணாரக் காணலாம். பாதைக்குக் கிழக்கே பூங்காக்களும், அவற்றினின்று கதிர்கள்போல் பிரியும் அகன்ற சாலைகளும் திட்டமிட்டு அமைந்தன. மேற்கே பழைய கிராமம் தானாகவே வளர்ந்து குறுகிய தெருக்களாயிற்று. கிழக்குப் பகுதி புதுப் பெயரைச் சூடிக்கொண்டு பழைய பெயரை உதறியது. மேற்குப் பகுதி ‘மேற்கு மாம்பலம்’ ஆயிற்று. கிழக்கு மாம்பலம் என்று ஒன்றை எவரும் சொல்லாதபோது மேற்கு மட்டும் எவ்வாறு வந்தது என்று வெளியூர் நண்பர் ஒருவர் என்னைக் கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான்.

நிலையத்தின் கிழக்கு வாயிலை ஒட்டிய ரங்கநாதன் தெருவும் முதலில் வீடுகள் நிறைந்த தெருவாகவே இருந்தது. ரயிலிலிருந்து இறங்குவோர் அனைவரும் அவ்வழியே நடந்தாக வேண்டும் என்ற ஒரே காரணம் அதனைக் கடைத்தெருவாக்கிவிட்டது. தீபாவளிக்கு முந்திய நாட்களில் அத்தெருவில் நாம் நடப்பதில்லை. கூட்டம் நம்மை நடத்திச் செல்கிறது.

ஏரியை வடித்தோரை நான் எளிதில் குறைகூற மாட்டேன். மக்களுக்கு வீடு வேண்டியிருந்தது. ஆனால் நீர் தன் பழைய இருப்பிடத்தை மறக்கவில்லை. 2015-ஆம் ஆண்டிலும் 2021-ஆம் ஆண்டிலும் பெருமழை பெய்தபோது தியாகராய நகர்த் தெருக்களிலும் மாம்பலத்திலும் வெள்ளம் தேங்கி நின்றது. அடையாற்றை நோக்கிச் செல்லும் மாம்பலம் கால்வாய் ஒன்றே அவ்வளவு நீரையும் சுமக்க வேண்டியிருக்கிறது. 1976-இல் எழுந்த வள்ளுவர் கோட்டமும் அந்தப் பழைய ஏரிப்படுகையின்மேல்தான் நிற்கிறது.

தென்னிந்திய ரயில்வே 1951-இல் புதிதாக அமைந்த தென்னக ரயில்வேயில் இணைந்தது. 1960-களின் பிற்பகுதியில் நேர்மின்சாரம் நீங்கி 25,000 வோல்ட் மாறுமின்சாரம் வந்தது. குறுகிய மீட்டர் கேஜ் பெட்டிகளில் தோளோடு தோள் உரச நின்று சென்ற காலம் என் நினைவில் இருக்கிறது. அவ்வண்டிகளும் 2004-இல் விடைபெற, அகலப் பாதை வண்டிகளே எஞ்சின. 2023 மே மாதத்தில், நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் நீளமுள்ள ஆகாய நடைபாதை திறக்கப்பட்டது. அதன்மேல் நின்றால் பாதையின் இரு பக்கங்களையும் ஒருங்கே காணலாம்.

நிலையத்தின் பெயர்ப் பலகை மட்டும் மாறவில்லை. தியாகராய நகருக்குத் துணி வாங்க முதன்முறையாக வரும் வெளியூர்க் குடும்பத்தார், மாம்பலம் என்ற பெயரைக் கண்டு, “இங்கேதான் இறங்க வேண்டுமா?” என்று பக்கத்தில் இருப்பவரை இன்றும் கேட்டுக்கொண்டுதான் இறங்குகின்றனர்.