/24 என்றால் என்ன? ஒரு சின்னக் கோட்டின் வரலாறு

உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் எங்கள் பிள்ளைகளின் கொப்பியைத் திறந்தால் 192.168.1.0/24 என்று எழுதியிருக்கும். அந்த /24 ஏன் வந்தது என்று கேட்டால் பலர் மௌனமாகி விடுகிறார்கள். அதற்குப் பின்னால் 12 வருடக் கதை இருக்கிறது.

தொலைபேசி இலக்கத்தில் 067 என்றால் கல்முனை, 011 என்றால் கொழும்பு. முதல் மூன்று இலக்கம் பிரதேசம், மிச்சம் வீடு. ஐபி முகவரியும் அப்படித்தான். அதன் 32 பிட்களில் முன்பகுதி வலையமைப்பைச் சொல்லும், பின்பகுதி கணினியைச் சொல்லும். ஆனால் எந்த இடத்தில் பிரிப்பது?

1981 செப்டம்பரில் ஜோன் பொஸ்டல் தொகுத்த ஆர்எஃப்சி 791 மூன்று அளவுகளைத் தந்தது. ஏ வகுப்பில் சுமார் 1 கோடி 67 இலட்சம் முகவரிகள், பி வகுப்பில் 65,536, சி வகுப்பில் 256. முதல் சில பிட்களைப் பார்த்தாலே வகுப்பு தெரிந்துவிடும். 500 கணினிகள் உள்ள ஒரு நிறுவனத்துக்கு சி போதாது. பி கொடுத்தால் 65,000 முகவரிகள் வீண். பி வகுப்பில் இருந்ததோ 16,384 வலையமைப்புகள் மட்டும். சி வகுப்புகளைப் பலதாகக் கொடுத்தால், ஒவ்வொன்றுக்கும் ரவுட்டர்களின் அட்டவணையில் ஒரு வரி கூடியது.

1985 இல் ஜெஃப் மொகுலும் பொஸ்டலும் எழுதிய ஆர்எஃப்சி 950, ஒரு வலையமைப்பை உள்ளுக்குள் பிரிக்க சப்நெட் மாஸ்க்கைத் தந்தது. மாஸ்க்கின் பிட்கள் தொடர்ச்சியாக இருப்பது நல்லது என்றது, ஆனால் கட்டாயமாக்கவில்லை. 255.255.0.255 என்றுகூட எழுத இடமிருந்தது! 1988 இல் எழுத்தில் வந்த ரிப் நெறிமுறையில் மாஸ்க்கை அனுப்ப இடமே இல்லை. முகவரி வரும், எல்லை வராது. வாங்கும் ரவுட்டர்தான் ஊகிக்க வேண்டும்.

1993 செப்டம்பரில் ஆர்எஃப்சி 1519 வகுப்புகளைக் கைவிட்டது. எல்லை எந்த பிட்டிலும் வரலாம், ஆனால் அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். பிஜிபி 4 நெறிமுறையில் முதல் ஒரு பைட் நீளத்தைச் சொல்லும், பிறகு தேவையான பைட்கள் மட்டும் வரும். /22 க்கு மூன்று பைட்கள் போதும். கடைசியில் மிஞ்சும் இரண்டு பிட்களில் என்ன இருந்தாலும் பொருட்படுத்தத் தேவையில்லை என்பதையும் விதியிலேயே எழுதினார்கள். ஊகத்துக்கு இடமில்லை.

இப்போது 500 கணினிகளுக்கு ஒரு /23 போதும்: 512 முகவரிகள். 192.168.4.0 முதல் 192.168.7.0 வரையான நான்கு /24 களையும் 192.168.4.0/22 என ஒரே வரியில் அறிவிக்கலாம். முகவரிகள் வேகமாகத் தீர்வதும், அட்டவணைகள் வீங்குவதும் இதனால் மட்டுப்பட்டன.

பெற்றோர்களே, பிள்ளைகள் இதை வெறும் சூத்திரமாக மனனம் செய்ய வேண்டாம். 32 இலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் கணினிகளுக்கு எத்தனை பிட்கள் மிச்சம் என்று தெரியும். அவ்வளவுதான்.

மாணவர்களுக்கு ஒரு கேள்வி: 192.168.5.0/22 என்று ஒரு வலையமைப்புக்கு முகவரி எழுதினால் அது சரியா? காரணத்தோடு பதில் சொல்லுங்கள் பார்ப்போம்.