பாட்டுக்காக முப்பதாண்டு காத்திருந்த படம்

கவிஞர்கள் கூடும் ஒரு வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் திரைப்படம் பற்றிய கட்டுரைக்கு என்ன இடம் என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். அதிலும் நான் எடுத்துக்கொண்டது அமெரிக்காவில் ஒரு மாணவர் தம் பட்டத்துக்காக எடுத்த படம். ஆயினும் அதன் வரலாற்றில் பாட்டுக்கு உள்ள பங்கு பெரிது. ஒரு படத்தை எடுக்க ஆன செலவைப் போலப் பதினைந்து மடங்குத் தொகையை அதில் ஒலிக்கும் பாட்டுகளுக்குக் கொடுக்க நேர்ந்தது என்றால், அது பாட்டெழுதுவோரும் அறிய வேண்டிய செய்தியே.

படத்தின் பெயர் 'கில்லர் ஆஃப் ஷீப்'. ஆடறுப்பவன் என்று தமிழில் சொல்லலாம். எடுத்தவர் சார்லஸ் பர்னெட். 1944இல் மிசிசிப்பி மாநிலத்து விக்ஸ்பர்க் நகரில் பிறந்து, சிறு வயதிலேயே குடும்பத்தோடு லாஸ் ஏஞ்சல்ஸின் தென்பகுதியிலுள்ள வாட்ஸுக்கு வந்து சேர்ந்தவர். தெற்கின் நிறவெறியிலிருந்து விடுபட்டு வேலை தேடி வந்த கறுப்பினக் குடும்பங்கள் நிறைந்த பகுதி அது. 1965 ஆகஸ்டில் அங்கு மூண்ட கலவரத்தில் 34 பேர் மாண்டனர். அதன்பின் வாட்ஸ் என்ற பெயர் செய்தித்தாள்களுக்குத் தீயையும் புகையையும் மட்டுமே குறித்தது. அங்கேயும் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகளை அதட்டுகிறவர்கள், வாசற்படியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறவர்கள் இருந்தார்கள் என்பது செய்தியாகவில்லை.

பர்னெட் முதலில் மின்னணுவியல் படித்தார். பிறகு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் திரைப்படத் துறையில் சேர்ந்தார். அறுபதுகளின் இறுதியிலிருந்து அத்துறையில் கறுப்பின மாணவர்கள் சேரத் தொடங்கியிருந்தனர். எத்தியோப்பியாவிலிருந்து வந்த ஹைலே கெரிமா, லாரி கிளார்க், சற்றுப் பின்னர் ஜூலி டாஷ் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். கிளைட் டெய்லர் என்னும் ஆய்வாளர் 1986இல் இவர்களுக்கு 'எல்.ஏ. ரெபெல்லியன்' என்று பெயரிட்டார். லாஸ் ஏஞ்சல்ஸ் கலகம் என்று பொருள்படும் அப்பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அவர்கள் தம்மை ஓர் இயக்கமாக அறிவித்துக்கொண்டு தொடங்கியவர்கள் அல்லர். ஒருவர் படத்துக்கு மற்றவர் கருவி தூக்கினர். ஒருவர் இயக்க மற்றவர் ஒளிப்பதிவு செய்தனர். அவ்வளவே. சிறு பத்திரிகை நடத்திப் பார்த்த நம்மவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கெரிமாவின் 'புஷ் மாமா' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர்களுள் பர்னெட்டும் ஒருவர். அப்படத்தின் தொடக்கத்தில், கருவிகளோடு தெருவில் நின்ற படக்குழுவினரைக் காவலர்கள் மறித்துச் சோதனையிடும் காட்சி வருகிறது. அது நடிப்பன்று, உண்மையாகவே நடந்தது. அதையே படத்தில் சேர்த்துக்கொண்டார் கெரிமா. கையில் படக்கருவி வைத்திருக்கும் கறுப்பின இளைஞர் திருடராகத்தான் இருக்க வேண்டும் என்று கருதப்பட்ட காலம். மாணவர் படப்பிடிப்பு என்றதும் நமக்குத் தோன்றும் கலகலப்பான காட்சியோடு இதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

பர்னெட்டின் ஆசிரியர்களைப் பற்றி ஒரு செய்தி. அவர் பெரிதும் நன்றியுடன் குறிப்பிடுபவர் பேசில் ரைட் என்னும் ஆங்கிலேயர். 1934இல் 'சாங் ஆஃப் சிலோன்' என்ற ஆவணப்படத்தை எடுத்தவர் அவர்தாம். இலங்கைத் தேயிலை விளம்பர வாரியத்துக்காகத் தயாரிக்கப்பட்ட அப்படம் விளம்பரத்தைத் தாண்டி ஒரு கவிதையாகவே நின்றது. மலையகத்துத் தேயிலையின் பின்னால் எவர் உழைப்பு இருந்தது என்பது தமிழர்க்குத் தெரியும். அதை அந்தப் படம் எவ்வளவு சொன்னது என்பது வேறு விவாதம். ஆனால் படம்பிடிக்கப்படும் மனிதரை மதிப்போடு நோக்க வேண்டும் என்னும் பாடத்தை ரைட்டிடம் கற்றதாகப் பர்னெட் சொல்லிவந்திருக்கிறார்.

அந்தப் பாடம் அவருக்கு ஏன் தேவைப்பட்டது? அன்றைய வளாகத்தில் உழைக்கும் மக்களைப் பற்றிய மாணவர் படங்களுக்குக் குறைவில்லை. தொழிலாளி சுரண்டப்படுவான், சங்கம் சேர்வான், இறுதியில் எல்லாம் சரியாகும். பர்னெட்டுக்கு இது பொய்யாகப் பட்டது. தம் தெருவில் உள்ளவர்களின் துன்பம் அப்படி இரண்டு சுருளில் தீர்வதில்லை என்பதை அவர் அறிவார். நம் முற்போக்குச் சிறுகதைகள் பலவற்றின் கடைசிப் பத்தி நினைவுக்கு வருகிறது. அதை எழுதியவர்களுள் நானும் ஒருவன்.

படப்பிடிப்பு பெரும்பாலும் 1972, 1973ஆம் ஆண்டுகளின் வார இறுதி நாட்களில் நடந்தது. எஞ்சிய சில காட்சிகள் 1975இல் எடுக்கப்பட்டன. 16 மி.மீ. கறுப்பு வெள்ளைச் சுருள். மொத்தச் செலவு 10,000 டாலருக்கும் குறைவு. எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, தயாரிப்பு அனைத்தும் பர்னெட்டே. உதவிக்கு உடன் படித்த நண்பர்கள். ஒலிப்பதிவுக்கு உதவியவர்களுள் வாட்ஸ் தெருச் சிறுவர்களும் உண்டு. நடித்தவர்கள் பெரும்பாலும் அண்டை அயலார். படமெடுப்பது மந்திரமன்று, கைத்தொழில்தான் என்பதை அப்பிள்ளைகள் கண்டுகொள்ளட்டும் என்பது அவர் எண்ணம்.

வார இறுதிப் படப்பிடிப்பின் தொல்லை என்னவென்றால் சனிக்கிழமை வந்தவர் ஞாயிறு வரமாட்டார். இந்த வாரம் இருந்த பையன் அடுத்த வாரம் முடி வெட்டிக்கொண்டு நிற்பான். கதாநாயகனே தவறிப்போனார். அவ்வேடத்துக்குப் பர்னெட் நினைத்திருந்தவர் சிறையில் இருந்தார். பரோலில் வருவார் என்று காத்திருக்க, பரோல் தள்ளிக்கொண்டே போயிற்று. அதன்பிறகே ஹென்றி சாண்டர்ஸ் என்ற நடிகர் அந்த இடத்துக்கு வந்தார். மனைவியாக நடித்தவர் கேசி மூர். அப்பாத்திரத்துக்குப் படத்தில் பெயரே இல்லை.

கதை என்று சொல்ல அதிகமில்லை. ஸ்டான் ஆட்டுத்தொட்டியில் வேலை பார்க்கிறான். இரவில் தூக்கம் வருவதில்லை. மனைவி அவனை நெருங்க முயல்கிறாள். அவன் எங்கோ இருக்கிறான். இடையிடையே பிள்ளைகள் காலி மனைகளில் கல்லெறிந்து விளையாடுகிறார்கள், மாடியிலிருந்து மாடிக்குத் தாவுகிறார்கள். தற்செயலாகப் படம்பிடித்தது போலத் தோன்றும் இப்படத்துக்கு முழுமையான திரைக்கதையும் காட்சிக்குக் காட்சி வரைந்த படங்களும் இருந்தன. இயல்பாகத் தோன்றுவதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதைப் புதுக்கவிதை எழுதுவோரிடம் நான் சொல்லத் தேவையில்லை.

ஒரு காட்சி. ஸ்டானும் நண்பனும் சேமித்த பணத்தில் ஒரு பழைய கார் எஞ்சினை வாங்குகிறார்கள். அதை மாடிப்படி வழியே இருவரும் மூச்சிரைக்கத் தூக்கி வருகிறார்கள். சிறிய சரக்கு வண்டியின் பின்புறத்தில், விளிம்பை ஒட்டியே வைக்கிறார்கள். இன்னும் சற்று உள்ளே தள்ள வேண்டும். நண்பன் விரலை நசுக்கிக்கொண்டதால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். வண்டி நகர்ந்ததும் எஞ்சின் தெருவில் விழுந்து உடைகிறது. அதை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். போகும் வண்டியிலிருந்து கருவி பின்னோக்கிப் பார்க்க, எஞ்சின் சிறுத்துக்கொண்டே போகிறது. அழுகையில்லை, வசனமில்லை. வறுமையைப் பற்றி நான் பார்த்த படங்களில் இவ்வளவு சிரிப்பும் இவ்வளவு வலியும் ஒரே இடத்தில் கூடிய காட்சி வேறில்லை.

இன்னொன்று. ஸ்டானும் மனைவியும் சன்னலோரம் நடனமாடுகிறார்கள். டைனா வாஷிங்டன் பாடிய 'திஸ் பிட்டர் எர்த்' இசைத்தட்டில் ஒலிக்கிறது. கசப்பான இம்மண் என்பது அத்தலைப்பின் பொருள். பாட்டு முடிந்ததும் அவன் விலகிப் போய்விடுகிறான். அவள் சன்னலில் சாய்ந்து நிற்கிறாள். அந்தப் பாட்டின்றி அக்காட்சியை எண்ணிப் பார்க்க முடியவில்லை.

பிள்ளைகள் விளையாடும் இடத்தில் பால் ரோப்சனின் குரல் வருகிறது. நாட்டைப் பாராட்டி அவர் பாடிய பாட்டு அது. 1950இல் அவருடைய கடவுச்சீட்டைப் பறித்து எட்டாண்டு வைத்திருந்ததும் அதே நாட்டின் அரசே. பர்னெட் இதைச் சொல்லவில்லை. பாட்டைப் போட்டுவிட்டு இடிபாடுகளுக்கிடையில் பிள்ளைகளைக் காட்டுகிறார். இன்னும் புளூஸ், ஜாஸ் என்று கறுப்பின மக்களின் இசை வரலாறே படத்தின் அடியில் ஓடுகிறது. அது வீட்டில் இருந்த இசை. தாய்மார் சமையலறையில் கேட்ட இசை.

1977இல் பர்னெட் இதை முதுகலைப் பட்டத்துக்கு அளித்தார். வகுப்பறைக்கும் விழாக்களுக்கும் எடுத்த படமாதலால் பாட்டுரிமை பற்றி எவரும் கவலைப்படவில்லை. அங்கேதான் வினை வந்தது. உரிமை பெறாத பாட்டுகளோடு திரையரங்குக்குப் போக முடியாது. 1981இல் பெர்லின் விழாவில் உலகத் திரை விமர்சகர்களின் பரிசு கிடைத்தது. 1990இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய தேசியப் படங்களுள் ஒன்றாக இதைச் சேர்த்தது. நாட்டின் செல்வம் என்று அறிவிக்கப்பட்ட படத்தை அந்நாட்டு மக்கள் திரையரங்கில் காசு கொடுத்துப் பார்க்க வழியில்லை! கல்லூரிகளிலும் சங்கங்களிலும் தேய்ந்த 16 மி.மீ. படிகளாகவே அது உலவியது.

2000இல் அதே பல்கலைக்கழகத்தின் ஆவணக்காப்பகம் படத்தைச் சீரமைத்து 35 மி.மீ.க்குப் பெருக்கியது. மைல்ஸ்டோன் என்ற சிறிய வெளியீட்டு நிறுவனம் பாட்டுரிமைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பெற்றது. அதற்கு ஆன தொகை 1,50,000 டாலர். இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்க் பணம் தந்து உதவினார். 2007 மார்ச்சில் படம் திரையரங்குக்கு வந்தது. இருபதுகளின் இறுதியில் எடுக்கத் தொடங்கியவருக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. 2017இல் ஆஸ்கார் அமைப்பு அவருக்குக் கௌரவ விருது வழங்கியது.

பாட்டின் உரிமையாளர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பாடியவர்க்கும் எழுதியவர்க்கும் உரியது போய்ச் சேர வேண்டும். அதை மறுக்கும் கவிஞன் எவன்? ஆனால் அக்கறுப்பினப் பாடகர்களுள் பலர் தம் காலத்தில் உரிய பணத்தைக் கண்டதில்லை என்பதும், அவர்தம் பேரப்பிள்ளைகள் தலைமுறையின் வாழ்வைச் சொன்ன படத்தை அப்பாட்டுகளின் விலையே தடுத்து நிறுத்தியது என்பதும் சேர்ந்து நெஞ்சை அறுக்கின்றன.

எல்லாப் பாட்டும் அப்போது கிடைத்துவிடவுமில்லை. படத்தின் முடிவில், கத்திக்குப் போகும் ஆடுகளை ஸ்டான் விரட்டிச் செல்லும் இடத்தில், பர்னெட் முதலில் வைத்திருந்தது டைனா வாஷிங்டன் பாடிய 'அன்ஃபர்கெட்டபிள்'. மறக்கவொண்ணாதது என்று பெயர் கொண்ட அந்தப் பாட்டுக்கு மட்டும் அன்று உரிமை வாங்க இயலவில்லை. அதனால் 2007இல் திரையரங்கில் அமர்ந்தவர்கள், சன்னலோரம் கணவனும் மனைவியும் ஆடிய அதே கசந்த மண்ணின் பாட்டை, ஆடுகளின் மேல் இரண்டாம் முறையாகக் கேட்டார்கள்.