ஒரு கண்டிஷன் மாறிய கதை

கொரோனா கால ஆசிரியர்கள்னு சொன்னதும் ஆன்லைன் வகுப்புதான் ஞாபகம் வரும். இன்னைக்கு நாம பேசப்போறது, உத்தரப் பிரதேச ஆசிரியர்கள் அப்போ பார்த்த இன்னொரு வேலையைப் பத்தி.

2021 ஏப்ரல். இரண்டாவது அலை ஏறிக்கிட்டிருந்த நேரம். அங்கே பஞ்சாயத்துத் தேர்தல் ஏப்ரல் 15, 19, 26, 29 என நான்கு கட்டமாக நடந்தது. நம்ம ஊர் மாதிரியே அங்கேயும் வாக்குச்சாவடியில் உட்காருவது பெரும்பாலும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள்தான். பயிற்சி வகுப்பு, வாக்குப்பெட்டி வாங்குற இடம், சாவடின்னு எங்கேயும் கூட்டம். வராவிட்டால் நடவடிக்கை. மே 2 அன்று எண்ணிக்கையும் நடந்தது.

மே நடுவில் தொடக்கப்பள்ளி ஆசிரியர் சங்கம் ஒரு பட்டியல் கொடுத்தது. 75 மாவட்டங்களில் ஆசிரியர்களும் பள்ளி ஊழியர்களுமாக 1,621 பேர் இறந்துட்டாங்க என்றது. தேர்தல் பணியில் இறந்த ஆசிரியர்கள் 3 பேர்தான் என்றது கல்வித்துறை.

நான் சாஃப்ட்வேர்காரன். இவ்வளவு வித்தியாசம் வந்தா, முதல்ல கண்டிஷனைத்தான் பார்ப்பேன். வீட்டிலிருந்து கிளம்பி, வேலை முடித்து, வீடு திரும்புவதற்குள் இறந்தால்தான் கணக்கு; அதுதான் விதி. சாலை விபத்துக்கு அது பொருந்தும். கொரோனாவோ அறிகுறி காட்டவே சில நாள் எடுக்கும்!

எதிர்ப்பு கிளம்பியதும் விதி மாறியது. பணிக்குப் பிறகு 30 நாட்களுக்குள் இறந்தாலும் கணக்கு. அதன்பின் எல்லாத் துறை ஊழியர்களையும் சேர்த்து 2,000-க்கும் மேற்பட்டவர்களின் குடும்பங்களுக்குத் தலா 30 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. இறந்தவங்க அதே ஆட்கள்தான், மாறினது ஒரு வரி.

இதுல மனநலம் எங்கே வருதுன்னு கேட்கலாம். 2020 ஜூலையிலேயே மத்திய கல்வி அமைச்சகம் 'மனோதர்பண்' என்ற திட்டத்தைத் தொடங்கியிருந்தது. மாணவர், ஆசிரியர், பெற்றோருக்குத் தொலைபேசியில் மனநல ஆலோசனை. நல்ல விஷயம்தான். ஆனா யோசிச்சுப் பாருங்க. சாவடியில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் பத்து நாளில் இறந்துட்டார். அந்தச் சாவுக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லைன்னு அரசே சொல்லுது. அடுத்து நானான்னு பயப்படுற ஆசிரியருக்குப் போன்ல என்ன ஆறுதல் சொல்வீங்க? அந்தப் பயம் நோயில்லையே, நியாயமான பயம்தானே!

என்னைக் கேட்டா, ஆசிரியர் மனநலத்துக்கான முதல் சிகிச்சை அவங்க இழப்பை ஒழுங்கா எண்ணுறது. ஆலோசனை அதுக்கப்புறம்.